அம்பாசடர்: கார்புரேட்டர் அடியில் ஹைலம், பானட்டில் ரப்பர் – எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிற வண்டி, மதியம் டீக்கடையில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் அசைய மறுக்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, பேட்டரி அழுகிறது, பக்கத்தில் நிற்பவர் "பெட்ரோல் ஏர் ஆயிடுச்சு சார், பானட்டைத் திறந்து வைங்க" என்கிறார். முக்கால் மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின் போட்ட அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை.

அந்த இன்ஜினின் அமைப்பே காரணம். பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் இன்லெட்டும், புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் இன்ஜின் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கீழே வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகைக்குழாய்த் தொகுதி), அதற்கு மேலே பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் சாலெக்ஸ் கார்புரேட்டர். அடுப்பின் மேல் பால் பாத்திரம் மாதிரிதான். இங்கிலாந்துக் குளிரில் அம்பாசடரின் மூல வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஓட்டியவர்களுக்கு அந்தச் சூடு வரம். மே மாதத் திருச்சியில் நமக்கு அது வேண்டாத சொத்து.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரியும்: கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஹைலம் ஸ்பேசர், அதாவது சூட்டை எளிதில் கடத்தாத பிசின் அடுக்குப் பலகையில் வெட்டிய இடைத்துண்டு. அதைப் போட்ட பிறகு புதிதாக நாலு கோளாறு முளைப்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 8 மி.மீ. ஸ்பேசர் போட்டால் கார்புரேட்டர் 8 மி.மீ. உயர்கிறது. அதோடு ஏர் கிளீனர் உயர்கிறது, ஆக்சிலேட்டர் ராடின் கோணம் மாறுகிறது, சோக் கேபிள் இழுபடுகிறது. ஏர் கிளீனர் பானட்டில் இடித்தால், பானட்டைத் தூக்க அதைத் தாங்கும் ஓரத்து ரப்பரை உயர்த்துகிறார்கள். ரப்பரை உயர்த்தினால் லாக் சரியாக விழுவதில்லை. அதனால் ஸ்பேசர், பானட் ரப்பர் இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் தனித்தனியாகச் செய்து இரண்டு முறை பிரித்து மாட்டினேன்.

கை வைக்கும் முன்: இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் பைப்பைக் கழற்றும் வேலை இது.

சூட்டில் நின்றால் ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்பேசர் வாங்க ஓடும் முன் பழி பெட்ரோல் மேல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பார்க் தரும் காயிலும் கண்டென்சரும் சூட்டில் சாகும், ஆறினால் உயிர் பெறும். அறிகுறி அச்சு அசலாக இதேதான். கண்டென்சர் போன வண்டிக்கு மூன்று ஸ்பேசர் மாற்றியவரை எனக்குத் தெரியும்.

வண்டி மறுக்கும் அந்த நேரத்திலேயே சோதிக்க வேண்டும், வீட்டுக்குப் போன பிறகு அல்ல. சாவியை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் வரக்கூடாது. பார்ப்பதை வைத்து மூன்று முடிவுக்கு வரலாம்.

இன்ஜின் ஓடாமலே நடுக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா, வாசனை மூக்கைத் துளைக்கிறதா? ஃபுளோட் சேம்பரில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் தொட்டி) பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிட்டது. இப்போது ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் ஒரு பீச்சு உள்ளே போகும். பெடலை முழுதாக மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கொஞ்சம் கரும்புகையோடு பிடித்துக்கொள்ளும்.

சொட்டவில்லை என்றால் கையால் ஆக்சிலேட்டர் லீவரை ஒரு தடவை இழுங்கள். பீச்சவில்லை என்றால் சேம்பர் காலி. கொதித்து ஆவியாகப் போய்விட்டது, பம்ப்பும் ஆவியைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் ஏற்றாமல் நிற்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து ஏசி பம்ப் (இன்ஜினோடு ஓடும் பெட்ரோல் பம்ப், ஏசி என்பது கம்பெனிப் பெயர்) மேல் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பழைய டிரைவர்களின் வைத்தியம்தான், வேலை செய்யும். ஆனால் குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். சூடான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் பட்டால் விரிசல் விடும்.

ஒழுங்காகப் பீச்சுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? பெட்ரோல் நிரபராதி. ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் ஆவி கலைந்த பிறகு ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் மஞ்சளாக, சோம்பலாக வந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கண்டென்சரையும் காயிலையும் மாற்றுங்கள்.

முதல் இரண்டில் ஒன்று என்றால் ஸ்பேசர் தேவை. வண்டி ஓடும்போது ஃபேன் காற்று அடிக்கிறது, தொடர்ந்து பெட்ரோல் ஓடி கார்புரேட்டரைக் குளிர்விக்கிறது. அணைத்த நொடியில் இரண்டும் நின்றுவிடும். சில நூறு டிகிரியில் இருக்கும் எக்ஸாஸ்டின் சூடு மெல்ல மேலே ஏறும். அதனால்தான் நிறுத்திய உடனே அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, கால்மணி கழித்து அடித்தால் ஆவதில்லை. பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. அதன் லேசான பகுதி 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும். அதில் இப்போது கலந்து வரும் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, இதுவரை குறையே சொல்லாத வண்டிகளும் சிணுங்குகின்றன என்பது என் அனுபவம்.

எந்த ஸ்பேசர், எவ்வளவு தடிப்பு

பளபளவென்று கடைந்த அலுமினியத் துண்டை "ஹீட் ஸ்பேசர்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் ஹைலத்தைவிடப் பல நூறு மடங்கு கெட்டிக்காரன். சூட்டைத் தடுக்க அதை வைப்பது, கதவைச் சாத்துவதற்குப் பதில் அகலத் திறந்து வைப்பது மாதிரி. டெஃப்லான் சூடு தாங்கும், ஆனால் நட்டின் அழுத்தத்தில் நாளடைவில் வழிந்து மெலியும், நட் லூசாகும். நைலான் இளகும். ரப்பர் ஷீட் வெட்டிப் போட்டவர்களும் உண்டு, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஹைலம் ஷீட்தான் சரி. அதிலும் காகித அடுக்கைவிடத் துணி அடுக்கு நல்லது. துளையிடும்போது ஓரம் பிரியாது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் தேடினால் தயாராகவே கிடைக்கலாம். இல்லையென்றால் லேத்தில் வெட்டிக்கொள்ளலாம். பழைய பேக்கிங்கை (கசிவைத் தடுக்க நடுவில் வைக்கும் தாள்) அப்படியே அச்சாகக் கொடுக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும். கார்புரேட்டரின் அடித்தட்டையே கொண்டுபோய் அளவெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கார்புரேட்டர் 32 பிபிஐசி மாடல் என்றால் அந்த 32 என்பது, மிதிக்கும்போது தகடு திறந்து காற்றை விடும் திராட்டில் துளையின் அளவு, மில்லிமீட்டரில். ஸ்பேசரின் துளை அதைவிடச் சிறிதாக இருந்தால் திராட்டில் தகடு திறக்கும்போது விளிம்பில் முட்டும். நான் கொடுத்த லேத்துக்காரர் 30 மி.மீ. பிட்டை வைத்து ஒரே போடாகப் போட்டு முடித்தார். ஆக்சிலேட்டர் கால்வாசிக்கு மேல் போகவில்லை. ஆக்சிலேட்டர் ராடில்தான் கோளாறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடினேன்.

தடிப்பு 6 முதல் 10 மி.மீ. போதும். ஸ்பேசரின் பலனில் பெரும்பகுதி முதல் ஆறிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் போகப் போக பானட்டோடுதான் சண்டை.

அந்தச் சண்டையை முன்கூட்டியே அளந்துவிடலாம். சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டைகள் மூன்று பிடித்து, ஏர் கிளீனர் மூடியின் மேல் முன்னால், பின்னால், நடுவில் வையுங்கள். மேலே ஒரு பாலிதீன் தாள். பானட்டை மெதுவாகச் சாத்தி, லாக் விழும்வரை அழுத்திவிட்டுத் திறங்கள். நசுங்கிய மாவின் தடிப்புதான் உங்களிடம் இருக்கும் இடைவெளி. அதில் ஸ்பேசரின் தடிப்பையும் கூடுதல் பேக்கிங்கையும் கழித்த பிறகு குறைந்தது 12 மி.மீ. மிஞ்ச வேண்டும். இன்ஜின் தன் ரப்பர் மவுண்டிங் மேல் ஆடும். மவுண்டிங் பழசென்றால் இன்னும் ஆடும். மிஞ்சவில்லையா, 6 மி.மீ. ஸ்பேசரோடு நிறுத்திக்கொண்டு, கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகட்டு மறைப்பு சேர்த்துவிடுங்கள். ஹைலம் தொட்டு ஏறும் சூட்டைத் தடுக்கும். கீழிருந்து வீசும் அனலைத் தகடுதான் தடுக்கும். உண்மையைச் சொன்னால், 10 மி.மீ. ஸ்பேசர் மட்டும் போட்டதைவிட, 6 மி.மீ.யும் தகடும் சேர்த்துப் போட்டதுதான் என் 1984 மார்க் 4-இல் நன்றாக வேலை செய்கிறது. அலுமினியம் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்கலாம். நடுவில் கடத்தியாக வைத்தால்தான் அது எதிரி; காற்றில் தள்ளி நின்று அனலைத் திருப்பி அனுப்பும்போது நண்பன்.

கார்புரேட்டரைப் பிடிக்கும் ஸ்டட்டையும் (மரை வெட்டிய கம்பி) பாருங்கள். பழைய ஸ்டட்டில் ஸ்பேசர் ஏறிய பிறகு நட் முழுதாகப் பிடிக்க மரை மிஞ்சாது. நீள ஸ்டட் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். பிஎம்சி இன்ஜின் அங்குல மரையில் பிறந்தது. 5/16 அங்குல ஸ்டட்டும் 8 மி.மீ. ஸ்டட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்குல மரை அங்குலத்துக்கு 24, மற்றது 20 சொச்சம். இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகினால் அது தப்பு மரை. ஸ்பானரை எடுத்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள், மேனிஃபோல்டின் அலுமினிய மரை தோற்றுவிடும்.

ஸ்பேசர் போட்ட பிறகு ஸ்லோ (மிதிக்காத ஓட்டம்) நிற்கவில்லை, உஸ்ஸென்று சத்தம்

காற்று இழுக்கிறது. பத்தில் ஒன்பது தடவை, ஒரே ஒரு பேக்கிங்தான் போட்டிருப்பார்கள். ஸ்பேசருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வேண்டும். நடுவில் தகடு வைத்தால் மூன்று.

உறுதி செய்ய, ஊசியில்லாத சிரிஞ்சில் சோப்புத் தண்ணீரை எடுத்து, இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது ஸ்பேசரின் விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், இன்ஜின் சத்தம் ஒரு நொடி மாறும். சிலர் இதற்கு பெட்ரோலையோ கார்ப் கிளீனர் ஸ்பிரேயையோ அடிப்பார்கள். எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே அந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டு பேக்கிங்கும் இருந்தும் கசிகிறதென்றால் கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்திருக்கும். நாற்பது வருடமாக ஆளாளுக்கு நட்டை முறுக்கியதில் ஸ்டட் துளையின் காதுகள் கீழே வளைந்து, நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். கனமான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நூலிழை இடைவெளி என்றால், அதே கண்ணாடியில் நைஸ் எமரித் தாளை ஒட்டி, எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். துளைகளை எல்லாம் அடைத்துவிட்டுத் தேயுங்கள், தூள் ஜெட்டுக்குள் போனால் அது தனிக்கதை. ஸ்பேசரின் இரு முகங்களையும் அப்படியே சோதியுங்கள். ஹைலம் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. தாளை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. அனபாண்ட் பசையை அப்பி அடைத்துவிடலாமே என்று தோன்றும். பெட்ரோல் பட்டு ஊறி, உரிந்து, கடைசியில் இன்ஜினுக்குள் போகும். சமன் செய்த முகத்துக்கு வெறும் பேக்கிங்கே போதும்.

நட்டை இறுக்கும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல் மாற்றி மாற்றி, சின்ன ஸ்பானரில் மணிக்கட்டு பலத்தோடு நிறுத்துங்கள். ஒரு தடவை நன்றாகச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு மறுபடி கால் சுற்று பாருங்கள். புது பேக்கிங் அமர்ந்திருக்கும்.

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை, அல்லது வண்டி இழுக்கவில்லை

இதை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. கார்புரேட்டர் உயர்ந்ததால் ராடின் கோணம் மாறி, முழு மிதியில் லீவர் நேர்க்கோட்டைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலை முழுதாக மிதித்து, சட்டென்று காலை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மேலே நின்று பாருங்கள். மிதித்தபோது திராட்டில் முழுதாகத் திறக்க வேண்டும், விட்டபோது டக்கென்று ஸ்லோ ஸ்குருவில் வந்து முட்ட வேண்டும். இரண்டில் எது தவறினாலும் ராடின் நீளத்தைத் திருத்துங்கள். ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் கொக்கியும் உயர்ந்திருக்கும். அதிகம் இழுபட்டுப் பெடல் கனத்தால் கொக்கி மாட்டும் இடத்தை மாற்றுங்கள்.

கரும்புகை, மைலேஜ் அடி, பிளக்கில் கரி என்றால் சோக் கேபிள். மேலே தூக்கியதில் கேபிள் இழுபட்டு, உள்ளே நாப் முழுதாகத் தள்ளியிருந்தாலும் சோக் கொஞ்சம் விழுந்தே இருக்கும். கிளாம்பைத் தளர்த்தி, நாபில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்கும்படி மறுபடி பிடியுங்கள்.

ஸ்பேசர் போட்டும் அதே தொல்லை

பெட்ரோல் பைப்பைத் தடவிப் பாருங்கள், எங்காவது மேனிஃபோல்டை உரசிக்கொண்டு போகும். விலக்கி விடுங்கள். ஃபுளோட் அளவு அதிகமானாலும் கொஞ்சம் கொதித்தாலே வழிந்துவிடும். சாலெக்ஸில் நீடில் வால்வுக்கு அடியில் இருக்கும் வாசரைத் தடிப்பாகப் போட்டால் அளவு இறங்கும். இக்னிஷன் டைமிங் பின்னால் தள்ளியிருந்தால் எக்ஸாஸ்ட் தேவைக்கு மேல் காயும். ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிந்த வண்டிக்கு ஸ்பேசர் போடுவது, காய்ச்சலுக்கு விசிறி வீசுவது போலத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கார்புரேட்டருக்கு ஹைலம் போட்ட உற்சாகத்தில் ஏசி பம்ப்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே தடித்த ஹைலம் போட்டுவிடுவார்கள். பம்ப்பின் கை கேம் ஷாஃப்டை எட்ட வேண்டும். தள்ளி நின்றால் அடி குறையும், பெட்ரோல் ஏறுவது குறையும். அங்கே பழைய தடிப்பையே வையுங்கள்.

மேடு பள்ளத்தில் பானட் அடியில் டொக் டொக்

பானட்டின் உள்பக்கத்தில் பெயின்ட் தேய்ந்து வட்டமாகப் பளபளத்தால் ஏர் கிளீனர்தான் குற்றவாளி. மாவுச் சோதனையைச் செய்யாதவர்களுக்கு இது வரும். ஏர் கிளீனரைத் தாங்கும் பட்டையையும் சேர்த்து உயர்த்தினீர்களா என்று பாருங்கள். உயர்த்தாவிட்டால் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வே இடிக்கப் போதும்.

இடிக்கிறது என்று பானட்டின் பின் கீலுக்கு அடியில் வாசர் கொடுத்துத் தூக்குவது ஊரெங்கும் நடக்கும் வைத்தியம். சூடும் வெளியே போகும் என்பார்கள். நிற்கும்போது கொஞ்சம் போகும், உண்மைதான். ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடும். அங்கே திறந்து வைத்த பிளவு வழியாகக் காற்று உள்ளேதான் போகும். மழைத்தண்ணீருக்கும் அதுவே வழி.

பானட்டில் எதுவும் தொடாமல் லொடலொடவென்று மட்டும் சத்தம் வந்தால் ஓரத்து ரப்பர் புஷ்கள் காய்ந்து கட்டையாகிவிட்டன. புதிதாகப் போட்டு, பானட் பக்கத்து மட்கார்டோடு சமமாக உட்காரும் உயரத்துக்குத் திருத்துங்கள். தாழ்ந்தால் ஆடும். அதிகம் உயர்ந்தால் லாக் முழுதாக விழாமல் பாதுகாப்புக் கொக்கியில் மட்டும் தொங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பானட் எழுந்து கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாத்திய பிறகு முன்விளிம்பைக் கையால் தூக்கிப் பாருங்கள், அசையவே கூடாது.

உள்ளே பெட்ரோல் வாசனை, காலடியில் அனல்

முதலில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்ரோல் பைப்பின் யூனியன் நட்டில் ஈரம் இருந்தால் ரப்பர் வேலை பிறகு. கசிவு இல்லையென்றால் பானட்டின் பின்விளிம்பில் வரும் ரப்பர் பீடிங்கையும், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) வயரும் ஸ்டீயரிங் காலமும் நுழையும் ஓட்டைகளின் ரப்பர்களையும் பாருங்கள். பழைய வண்டிகளில் பாதி ஓட்டைகள் வெறுமனே இருக்கும்.

பீடிங்குக்கு இபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். சூட்டையும் வெயிலையும் தாங்கும். பெட்ரோலும் ஆயிலும்தான் ஆகாது. அதனால் பெட்ரோல் தொடும் இடத்துக்கு அதை வெட்டிப் போடாதீர்கள். பின்விளிம்பில் ஸ்பாஞ்ச் வகைதான் பொருந்தும். கெட்டி ரப்பர் போட்டால் நசுங்காமல் பானட்டையே தூக்கி நிறுத்தும்.

ஒட்டும் இடத்தில் பழைய பசை, துரு, மெழுகு எல்லாம் போக வேண்டும். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள். அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு வாரத்தில் ரப்பர் தன் நீளத்துக்குச் சுருங்கி மூலையில் இரண்டு விரல் இடைவெளி காட்டும். ஐந்தாறு மி.மீ. கூடுதலாக வெட்டி, அதை உள்ளே தள்ளி ஒட்டுவதுதான் முறை. தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

பசை காய ஒரு ராத்திரி விட்டுவிட்டு, ரப்பரின் முகத்தில் சாக்பீஸைத் தேய்த்து பானட்டைச் சாத்தித் திறங்கள். உள்பக்கம் விழும் வெள்ளைக் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை. அந்த இடத்தில் மட்டும் அடியில் மெல்லிய பட்டை ஒன்று கொடுத்துத் தூக்குங்கள். முழு நீளத்துக்கும் தூக்கினால் லாக் மறுபடி முரண்டு பிடிக்கும்.

மழையில் மட்டும் மிஸ்ஸிங்

இதுவும் பெரும்பாலும் அதே பின்விளிம்புதான். பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக் கண்ணாடியின் அடியில் மெதுவாக ஊற்றச் சொல்லி, பானட்டுக்குள் எந்த வழியாக இறங்குகிறது என்று டார்ச்சோடு பாருங்கள். ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் சொட்டினால் ரப்பரில் சாக்பீஸ் கோடு அறுந்த இடமும் அதற்கு மேலேதான் இருக்கும். புது ரப்பர் ஒரு மாதத்தில் கொஞ்சம் அமர்ந்துவிடும். அப்போது ஓரத்துப் புஷ்களை ஒரு சுற்று இறக்கி, மாவு உருண்டையை மறுபடி ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.